ஒயர் ஒளியலாம், ஆபத்து ஒளியக் கூடாது

சகோதரிகளே, நான் சிறு பெண்ணாக இருந்த நாளில் ஹாலுக்குள் வரும் ஒயர் ஒன்றே ஒன்றுதான். மொட்டை மாடியில் ஏரியல் நிற்கும். அதிலிருந்து ஒரு தட்டை ஒயர் ஜன்னல் இடுக்கு வழியாக இறங்கி வந்து டி.வி. பெட்டியின் முதுகில் முடிந்துவிடும். நம் நாட்டில் 1982-ல் கலர் டி.வி. வந்த பிறகும் அதே ஒரு ஒயர்தான். சத்தம் பெட்டிக்குள்ளிருந்தே வரும். அதைக் கேட்கத் தனியாக ஒரு சாமான் வேண்டியதில்லை.

இன்றைக்கு அப்படியா? ஹோம் தியேட்டர் என்று ஒன்று வீட்டுக்குள் வந்து இறங்கினால், அட்டைப் பெட்டியைப் பிரித்த நிமிஷத்திலேயே தரையெல்லாம் பாம்புக் குட்டிகள்போல ஒயர்கள் நெளிகின்றன. வாங்கி வந்தவர்கள் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். காலையில் விளக்குமாறும் கையுமாக நிற்பவள் நாம்தானே! விளக்குமாற்றில் ஒயர் சிக்குகிறது. மாப் போட்டால் ஈரம் படுகிறது. இரண்டு நாள் கூட்டாமல் விட்டால் ஒயரைச் சுற்றித் தூசி தொட்டில் கட்டிக்கொள்கிறது.

அதனால்தான் எங்கள் தெருவில் என்னைக் கண்டால் இளம் பெண்கள் கேட்கிற கேள்வி, "அக்கா, இந்த ஸ்பீக்கர் ஒயரை எல்லாம் எப்படி மறைக்கிறது?" என்பதாக இருக்கிறது. நான் உடனே பதில் சொல்வதில்லை. "உங்க வீட்ல யார் யார், எந்த வழியா நடக்கிறாங்க? அதை முதல்ல சொல்லு" என்று திருப்பிக் கேட்பேன். அவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் சகோதரிகளே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஏன் இத்தனை ஒயர்?

ஐந்து புள்ளி ஒன்று என்று கடையில் சொல்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை. டி.வி.க்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, நாம் உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில் சற்றே பின்னால் இரண்டு, ஆக ஐந்து. அந்தப் புள்ளி ஒன்று என்பது 'தம் தம்' என்று அதிரும் ஸப்-ஊஃபர் பெட்டி. இதில் முன்னால் இருக்கும் மூன்றும் சாதுக்கள். டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே அவற்றின் ஒயர் அடங்கிவிடும். ஸப்-ஊஃபரும் தொந்தரவு இல்லை. அடித்தொண்டைச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நம் காது எளிதில் கண்டுபிடிக்காது. ஆகவே டி.வி. பக்கத்து மூலையில், பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்திலேயே அதை வைத்துவிடலாம்.

வம்பு பண்ணுகிறவை பின்னால் இருக்கும் இரண்டும்தான். ஆம்ப்ளிபையர் இருப்பது டி.வி.க்குக் கீழே, ஸ்பீக்கர் இருப்பதோ சோபாவுக்குப் பின்னே. நடுவில் முழு ஹாலும் கிடக்கிறது. அந்த ஹாலில்தான் பெரியவர்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் தவழ்கிறார்கள், நாம் காப்பித் தம்ளரோடு போய் வருகிறோம்.

பாய்க்கு அடியில் போனது

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூத்த பையன் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் ஆசையாக ஒரு செட் வாங்கி வந்தான். அவனும் எங்க வீட்டுக்காரருமாகச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் மாட்டினார்கள். பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் ஒயரைத் தரையில் குறுக்காக இழுத்து, பழுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் ஒரு மிதியடியையும் போட்டுவிட்டார்கள். "பாத்தியாம்மா, ஒயரே தெரியலை!" என்று பையன் பூரித்துப் போனான். சத்தமும் அருமையாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். என் மாமியார் ஹாலுக்கு வருவது குறைந்துவிட்டதைக் கவனித்தேன். அவர்களுக்கு 74 வயசு. சாயங்காலம் விளக்கேற்றியதும் தம் அறை வாசலுக்குப் பக்கத்தில் கிடக்கும் பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஒன்பது மணி வரை டி.வி. பார்ப்பது வழக்கம். இப்போது அறைக்குள் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, வரும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால், "எல்லாம் ஒரே மாதிரி கதைதாம்மா, நீங்க பாருங்க" என்பார்கள். ராத்திரி பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, ஹாலைச் சுற்றிக்கொண்டு போவதையும் பார்த்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பூ தொடுத்துக்கொண்டே மெல்லக் கேட்டேன்: "ஏன் அத்தை, கால் கீல் வலிக்குதா?"

"காலுக்கு என்னம்மா? அந்த மிதியடி வழுக்குது. அடியில ஒயர் வேற மேடு தட்டுது. நான் பாட்டுக்கு மிதிச்சு அது அறுந்து போச்சுன்னா? புள்ள முதச் சம்பளத்துல அவ்வளவு விலை போட்டு வாங்கியிருக்கான்."

பாருங்கள், தாம் விழுந்துவிடுவோம் என்பதுகூட இல்லை. பேரன் சாமான் கெட்டுவிடக் கூடாது என்பது அந்த மனசின் கவலை! தரையில் குறுக்கே போன ஒரு ஒயர், இந்த வீட்டின் மூத்த மனுஷியை ஹாலிலிருந்தே விலக்கி வைத்துவிட்டது. அவர்கள் வாய் திறந்து சொல்லவும் இல்லை. பெரியவர்கள் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். நடையை மாற்றிக்கொள்வார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற ஒயரைத் தாண்டிப் போய்விடலாம். மிதியடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒயரை எப்படித் தாண்டுவது? நடக்கிற பாதையில் மறைத்து வைத்த ஒயர், மறைக்காத ஒயரைவிடப் பொல்லாதது. வயதானவர்கள் ஒரு தடவை இடறி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிகிறது. அப்புறம் பல மாதப் படுக்கை. பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் என்று நாம் செய்கிற காரியம் அப்படி முடியலாமா?

அந்தச் சமயம் என் நாத்தனார் மகளும் ஒன்பது மாதக் குழந்தையோடு வந்து தங்குவதாக இருந்தாள். தவழும் குழந்தைக்கு ஒயர் என்றால் பிடித்து இழுக்க வேண்டிய கயிறு. அல்லது வாயில் வைத்துக் கடிக்க வேண்டிய பண்டம். ஸ்டாண்டில் நிற்கும் ஸ்பீக்கரின் ஒயரை இழுத்தால், ஸ்பீக்கர் குழந்தையின் தலைமேல்தான் வரும். ஆகவே வீட்டுக்காரரையும் பையனையும் உட்கார வைத்துப் பேசினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிரித்தோம். அப்போது கற்றுக்கொண்டதையும், பிறகு எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்துத்தான் இனிமேல் எழுதுகிறேன்.

முதலில் நூல் பிடியுங்கள்

ஒரு காகிதத்தில் ஹாலின் படத்தைக் கோலம் போடுகிற மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். டி.வி., சோபா, பெரியவர்கள் நாற்காலி, வாசல்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு அறையிலிருந்து பாத்ரூமுக்கு, அடுக்களையிலிருந்து கூடத்துக்கு என்று வீட்டார் நடக்கிற பாதைகளைக் கோடாகப் போடுங்கள். ஒயர் போகும் வழி இந்தக் கோடுகளில் எதையும் தரையில் வெட்டக் கூடாது. விதி இவ்வளவுதான்.

எங்கள் ஹால் 12 அடி அகலம், 15 அடி நீளம். டி.வி. குறுக்குச் சுவரின் நடுவில் இருக்கிறது. இடப்பக்கச் சுவரில் மாமியார் அறை வாசலும் அடுக்களை வாசலும் வருகின்றன. வலப்பக்கச் சுவரில் ஜன்னல் மட்டும்தான். இடப்பக்க ஸ்பீக்கருக்கு இடப்பக்கச் சுவர் வழியாகத்தானே ஒயர் போக வேண்டும் என்று நினைப்போம். அப்படிப் போனால் இரண்டு வாசல்களிலும் நிலைக்கு மேலே ஏறி இறங்க வேண்டும். 7 அடி ஏற, 7 அடி இறங்க. ஒரு வாசலுக்கு 14 அடி அதிகம். கணக்குப் பார்த்ததில் 54 அடி வந்தது. வலப்பக்கச் சுவரோடு போய், சோபாவின் பின்னால் சுற்றி இடப்பக்க மூலைக்கு வந்தால் 39 அடிதான். ஒரு வாசலும் குறுக்கிடவில்லை. வலப்பக்க ஸ்பீக்கருக்கு 26 அடி. இரண்டு ஒயரும் ஒரே பட்டியில் சேர்ந்து போய்விட்டன.

ஒயர் வாங்குமுன் கோணி தைக்கிற சணல் நூலை எடுத்து, ஒயர் போகப்போகும் வழி முழுக்க ஒட்டிப் பிடித்து அளந்துவிடுங்கள். ஏறும் இடம், இறங்கும் இடம், மூலை எல்லாம் அதில் வந்துவிடும். இரண்டு முனையிலும் ஒவ்வோர் அடி கூடுதலாக விடுங்கள். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதும், நவராத்திரிக்குக் கொலுப்படி கட்டும்போதும் ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்த அந்த ஓரடிதான் கை கொடுக்கும்.

"இடப்பக்க ஒயர் 39 அடி, வலப்பக்க ஒயர் 26 அடி என்றால் சத்தம் முன்னே பின்னே வராதா?" என்று எங்க வீட்டுக்காரருக்கே சந்தேகம். வராது. காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. ஒயருக்குள் மின்சாரமோ கிட்டத்தட்ட வெளிச்சத்தின் வேகத்தில் ஓடுகிறது. பத்து இருபது அடி வித்தியாசம் நம் காதுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே குட்டை ஒயருக்கு வீண் நீளம் வாங்கிச் சுருட்டி வைக்க வேண்டியதில்லை.

ஒயர் வாங்கும்போது

பெட்டிக்குள் வரும் ஒயர் பல செட்டுகளில் நூல் மாதிரி மெலிசாக இருக்கும். நீளம் அதிகமாக ஆக ஒயர் தடிமனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்தியில் ஒரு பங்கு ஒயரிலேயே வீணாகும். 8 ஓம் என்று பின்னால் போட்டிருக்கும் ஸ்பீக்கருக்கு, 50 அடி வரைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் தாராளமாகப் போதும். கடையில் 'ஒன்றரை ஸ்கொயர்' என்றால் எடுத்துத் தருவார்கள். சில செட்டுகளில் ஒயர் முனையில் அந்தக் கம்பெனிக்கே உரிய தனி பிளக் இருக்கும். அப்படியானால் வெட்டிவிடாமல், எலக்ட்ரீஷியனிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இன்னொன்று. பார்க்கச் செம்பாக இருக்கும். உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. விலை குறைவு, ஆனால் அதே தடிமனில் செம்பளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பில்லை. நகைக்கடையில் உரைத்துப் பார்க்கிற நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

ஸ்பீக்கர் ஒயர் இரட்டையாக இருக்கும். ஒன்று சிவப்பாகவோ, ஓரத்தில் கோடு போட்டோ இருக்கும். ஆம்ப்ளிபையரில் சிவப்பு முனையில் செருகியது ஸ்பீக்கரிலும் சிவப்பு முனைக்கே போக வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டால் பாட்டு ஓடும். ஆனால் அடித்தொண்டை வற்றி, குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் சவசவ என்று இருக்கும். செருகும்போது செம்பு இழைகளை நன்றாக முறுக்கி உள்ளே விடுங்கள். ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு அடுத்த முனையைத் தொட்டால் ஆம்ப்ளிபையர் பழுதாகலாம். இந்த வேலை முடியும் வரை ஆம்ப்ளிபையரின் பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள்.

இரண்டு விதமான ஒயர்

மறைக்கிற வேலையில் இறங்குமுன் இதை நன்றாக மனசில் பதித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் ஒரு ஜாதி. சுவர் பிளக்கிலிருந்து ஆம்ப்ளிபையருக்கும் ஸப்-ஊஃபருக்கும் வரும் கரண்டு ஒயர் வேறு ஜாதி. வீட்டில் நாம் போடும் ஸ்பீக்கர் ஒயரில் ஓடுவது குறைந்த மின்சாரம். கரண்டு ஒயரில் ஓடுவது 230 வோல்ட். முன்னதைப் பட்டிக்குள் மூடி வைக்கலாம். பின்னதைப் பாய்க்கு அடியிலோ, மெத்தை விரிப்புக்கு அடியிலோ, சோபாக் காலுக்கு அடியிலோ ஒருநாளும் மறைக்கக் கூடாது. மேலே நடந்து நடந்து உறை தேயும். சூடு வெளியேற வழியில்லாமல் தங்கும். நமக்குத் தெரியாமலே கருகும். தீப்பிடித்த பிறகுதான் தெரியும்.

இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டுவதும் கூடாது. அருகருகே நீளமாக ஓடினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று வண்டு முரல்வதுபோல ஒரு சத்தம் கிளம்பலாம். ஓரடியாவது தள்ளி வையுங்கள். ஒன்றை ஒன்று தாண்டித்தான் தீர வேண்டும் என்றால், கூட்டல் குறிபோல நேர் குறுக்காகத் தாண்டட்டும்.

பட்டி அடிக்கும் முறை

சுவரைக் காடி வெட்டாமல் செய்ய எளிய வழி பி.வி.சி. பட்டிதான். கடையில் கேஸிங் கேப்பிங் என்று கேளுங்கள். அடிப்பட்டி சுவரில் உட்காரும். ஒயரை வைத்து மேல்மூடியை அழுத்தினால் 'க்ளிக்' என்று பொருந்திக்கொள்ளும். முக்கால் அங்குலப் பட்டியில் இரண்டு ஸ்பீக்கர் ஒயர் தாராளமாகப் படுக்கும்.

பட்டியைத் தரையோடு ஒட்டி வைக்காதீர்கள். நாம் தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கிறவர்கள். தரை ஓரத்தில் நாலங்குலத்துக்கு ஸ்கர்ட்டிங் டைல் இருக்கும் அல்லவா, அதன் மேல்விளிம்பை ஒட்டி வையுங்கள். மாப் தண்ணீர் எட்டாது. கண்ணுக்கும் ஸ்கர்ட்டிங்கின் ஒரு கரைபோலவே தெரியும். மூலையில் ஒயரை மடித்து ஒடிக்காமல் வளைவாகத் திருப்புங்கள். பட்டிக்குள் ஜாயிண்ட் போடாதீர்கள். நாளைக்குப் பழுது அங்கேதான் வரும், எங்கே என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பட்டி வெள்ளையாகப் பல்லிளிக்கிறதா? உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, சுவருக்கு அடித்த அதே பெயிண்டை ஒரு கை பூசுங்கள். தேய்க்காமல் பூசினால் உரிந்து வரும். மேல்மூடியைத் திறக்கிற விளிம்பில் பெயிண்ட் அப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விட மாட்டார்கள். பட்டியை இருபுறமும் ஒட்டும் டேப்பால் ஸ்கர்ட்டிங் டைலிலேயே ஒட்டிவிடலாம். அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டினால் நிற்கும். ஆனால் மாப் படும் இடம் என்பதால் அங்கே துணியைப் பிழிந்து துடைக்க வேண்டும். சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் ஒட்டாதீர்கள். ஒன்று, பட்டி விழும். அல்லது எடுக்கும்போது சுவரின் பூச்சும் கூடவே வரும். அப்புறம் வீட்டுக்காரம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

சொந்த வீடாக இருந்து திருகாணி போடுவதானால், ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும், நேர் கீழும், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் துளை போட வேண்டாம். சுவருக்குள் பதித்த கரண்டு ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் துளை போடட்டும். பணம் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்குச் சுலபம். பூச்சு வேலைக்கு முன்பே டி.வி. இடத்திலிருந்து பின் சுவர் வரை தனியாக ஒரு பி.வி.சி. பைப் பதித்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். பின்னாளில் கயிற்றில் ஒயரைக் கட்டி இழுத்தால் வந்துவிடும். கரண்டு ஒயர் போகும் பைப்புக்குள்ளேயே ஸ்பீக்கர் ஒயரையும் விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், கண்டிப்பாக 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்.

குழந்தை உள்ள வீடு

தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் பின் ஸ்பீக்கரை ஸ்டாண்டில் வைக்காமல் சுவரில் மாட்டிவிடுவது மேல். நாங்கள் தரையிலிருந்து நாலடி உயரத்தில் மாட்டினோம். உட்கார்ந்திருப்பவர் காதுக்குச் சற்றே மேலாக வரும். கேட்கவும் அதுதான் நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்பீக்கர் மேலே போய்விட்டதென்று ஒயரைத் தொங்கவிட்டுவிடாதீர்கள். மேலிருந்து கீழ் வரை அதுவும் பட்டிக்குள்ளேயே இறங்க வேண்டும். தொங்கும் ஒயரும் வளையமாகக் கிடக்கும் ஒயரும் குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடியவை. தொட்டிலையும் கட்டிலையும் அதற்குப் பக்கத்தில் போடவே போடாதீர்கள்.

டி.வி. ஸ்டாண்டின் பின்னால் மிச்ச ஒயர்களைத் தளர்வாகச் சுற்றி, கிழிந்த புடவைக் கரையால் கட்டிவிட்டேன். ஸ்டாண்டைச் சுவரோடு நெருக்கி, குழந்தையின் கை நுழையாதபடி செய்தோம். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல் ஸ்டாண்டின் பின்பக்கத்தில் உயர மாட்டிவிட்டோம். எலி நடமாடும் வீடானால் பட்டியின் திறந்த முனைகளையும் மூடிவிடுங்கள். ஒயர் உறையை அது கடித்து வைக்கும்.

ஒயரை மறைக்கும் ஆர்வத்தில் ஆம்ப்ளிபையரையும் சேர்த்து மறைத்துவிடாதீர்கள். அதன் மேல் குரோஷா விரிப்புப் போடுவதும், அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும் அதற்கு மூச்சு முட்ட வைப்பதுபோல. சூடு போக மேலேயும் பக்கத்திலும் இடம் வேண்டும்.

மூடியைச் சாத்துமுன்

எல்லா ஒயரையும் பட்டியில் படுக்க வைத்தபின், மேல்மூடி போடாமல் ஒரு சாயங்காலம் முழுக்கப் பாட்டுப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்துச் சரி பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே நிற எம்பிராய்டரி நூலைக் கட்டிவிடுங்கள். இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் மஞ்சள் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டாலும், திரும்ப மாட்டத் திணற வேண்டாம். செல்போனில் பின்பக்கத்தை ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் இல்லாமல் ஏற்கெனவே மறைத்துவிட்டவர்களுக்கு ஒரு யுக்தி. ஆம்ப்ளிபையரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு இழைகளையும் ஒரு பென்சில் செல்லின் இரு முனைகளிலும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். அந்த ஒயருக்குரிய ஸ்பீக்கர் 'டப்' என்று குரல் கொடுக்கும். எது எதற்கு என்று கண்டுபிடித்துவிடலாம்.

"ஒயரே இல்லாத ஸ்பீக்கர் வந்துவிட்டதே, அதை வாங்கினால் தீர்ந்தது அல்லவா?" என்று கேட்பீர்கள். பாட்டு ஒயரில்லாமல் வரும், உண்மைதான். ஆனால் பின் ஸ்பீக்கர் வேலை செய்யக் கரண்டு வேண்டுமே! பெரும்பாலானவற்றை அந்தந்த இடத்தில் ஒரு பிளக்கில் செருகியாக வேண்டும். சோபாவுக்குப் பின்னால் பிளக் இல்லாத வீட்டில், குறைந்த மின்சார ஒயருக்குப் பதிலாக 230 வோல்ட் ஒயர் ஹாலைத் தாண்டி வரும்! வாங்குமுன் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஹாலாக இருந்தால் டி.வி.க்குக் கீழே வைக்கும் நீளமான ஒற்றை ஸ்பீக்கரே போதும். பின் ஸ்பீக்கரும் வேண்டாம். அதன் ஒயரும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் பட்டியும் ஒயரும் கூலியுமாகச் சேர்த்து ஒரு நல்ல பட்டுப் புடவை விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. மிதியடி அடுத்த நாளே வாசலுக்குப் போய்விட்டது. "ஒயர் எங்கடா போச்சு?" என்று பேரனைக் கேட்டுவிட்டு, தரையைக் காலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் என் மாமியார் பிரம்பு நாற்காலிக்கு நடந்தார்கள். நாத்தனார் பேத்தியும் இருபது நாள் அந்த ஹாலில் மூலைக்கு மூலை தவழ்ந்தாள்.

நீங்களும் இன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்து பாருங்கள். எல்லோரும் படுத்தபின், பகலில் பார்த்து வைத்த சாமான்களை நினைவில் வைத்துக்கொண்டு, சிறு விளக்கு வெளிச்சத்தில் வெறுங்காலோடு ஹாலில் நிதானமாக நடங்கள். உங்கள் காலில் தட்டுவது நாளைக்கு உங்கள் மாமியார் காலிலும் தட்டும். பிறகு தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்திலிருந்து சுற்றிலும் பாருங்கள். கை எட்டுகிற ஒயரெல்லாம் தெரியும். அந்த இரண்டையும் சரி செய்துவிட்டால் போதும். அழகு தானாக வந்துவிடும்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் அலமாரித் துணிகளில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது பற்றி எழுதுகிறேன். வரட்டுமா?